மூன்று பெயர், ஒரே உரிமம்

அமெரிக்காவில் இரண்டாண்டு நர்சிங் படிப்பைத் தேடுகிறவர் கண்ணில் மூன்று பெயர்கள் படும்: ஏடிஎன், ஏஎஸ்என், ஏஏஎஸ். முதலாவது அசோசியேட் டிகிரி இன் நர்சிங். இரண்டாவது அசோசியேட் ஆஃப் சயன்ஸ் இன் நர்சிங். மூன்றாவது, நர்சிங்கைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயன்ஸ். எதை முடித்தாலும் எழுதவேண்டியது என்சிலெக்ஸ் என்ற ஒரே உரிமத் தேர்வு. கிடைப்பது ஒரே ஆர்என் (பதிவுபெற்ற நர்ஸ்) உரிமம். வார்டில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் எந்தப் பெயரில் படித்தார் என்பது நோயாளிக்குத் தெரியாது. ஷிஃப்ட் பிரிக்கும் சார்ஜ் நர்சும் அதைக் கேட்பதில்லை. ஆயினும் எதைத் தேர்வது என்ற கேள்விக்கு ஒரு விடை வழக்கில் இருக்கிறது. உடனே வேலைக்குப் போகிறவருக்கு ஏஏஎஸ், பின்னால் பிஎஸ்என் (நர்சிங்கில் நான்காண்டு இளநிலைப் பட்டம்) படிக்க நினைப்பவருக்கு ஏஎஸ்என், ஏடிஎன் இரண்டுக்கும் இடைப்பட்டது என்பார்கள். சொல்வதற்கு எளிது, நினைவில் நிற்பதும் எளிது. ஒரு மாநிலத்தில் பாதி சரியாகவும் இன்னொரு மாநிலத்தில் தலைகீழாகவும் இருப்பது அதன் குறை.

ஏடிஎன்னை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். அது பெரும்பாலும் பட்டத்தின் முறையான பெயராக இராது. இரண்டாண்டு நர்சிங் படிப்பு முழுவதற்குமான பொதுப்பெயர். வட கரோலினாவின் கம்யூனிட்டி கல்லூரிகளில் படிப்பின் பெயர் அசோசியேட் டிகிரி நர்சிங். தரப்படும் பட்டம் ஏஏஎஸ். ஆகவே ஏடிஎன்னை மூன்றாவது வகையாக அடுக்கும் அட்டவணைகள் தொகைப்பெயரையும் வகைப்பெயரையும் ஒரே வரிசையில் நிறுத்தும் பிழையைச் செய்கின்றன. உண்மையான போட்டி இரண்டுக்கு இடையில்தான்.

அந்த இரண்டும் எப்படி வந்தன என்பதில் ஒரு பழைய முரண் புதைந்திருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் மில்ட்ரெட் மான்டாக் முன்வைத்த ஆய்வேடு 1951இல் நூலானது. போருக்குப் பிந்தைய நர்ஸ் தட்டுப்பாட்டுக்கு அவர் கண்ட தீர்வு தெளிவானது: மருத்துவமனைகளின் மூன்றாண்டு டிப்ளமோ பள்ளிகளிலிருந்து நர்சிங் கல்வியைக் கல்லூரிக்குக் கொண்டுவருவது, அங்கே இரண்டாண்டில் தொழில்நுட்ப நர்ஸ் ஒருவரை உருவாக்குவது. இந்தத் தொழில்நுட்ப நர்ஸ், பட்டப்படிப்பு நர்சுக்கும் நடைமுறை நர்சுக்கும் இடைப்பட்டவர். படிப்பு தன்னளவில் முழுமையானது. மேற்படிப்புக்கான முதற்படியாக அது திட்டமிடப்படவில்லை. 1952இல் தொடங்கிய சோதனைத் திட்டத்தில் ஏழு ஜூனியர், கம்யூனிட்டி கல்லூரிகளும் ஒரு மருத்துவமனைப் பள்ளியும் பங்கேற்றன. முடித்தவர்கள் உரிமத் தேர்வில் தேறினார்கள், வேலையிலும் தாக்குப்பிடித்தார்கள். ஒரு கல்விச் சோதனை என்ற அளவில் அதன் வெற்றியை மறுக்க முடியாது. கருத்தின் கட்டுக்கோப்பு என்ற அளவில் அது தொடக்கத்திலேயே விரிசல் கண்டது. தனி வகை நர்ஸ் என்று வகுத்தவரை, மற்ற எல்லோரும் எழுதும் அதே தேர்வுக்கு அனுப்பி அதே உரிமத்தைக் கொடுத்தார்கள். எல்லைக்கோடு தாளில் இருந்தது, நடைமுறையில் இல்லை.

அதற்குப் பிறகான அறுபது ஆண்டு வரலாறு அந்தக் கோட்டை மறுபடி வரைய நடந்த முயற்சிகளின் வரலாறு. அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் 1965இல் தொழில்முறை நர்சுக்குக் குறைந்தபட்சத் தகுதி பிஎஸ்என் என்று அறிவித்தது. வட டகோட்டா 1987இல் அதை விதியாக்கியது, 2003இல் கைவிட்டது. 2010இல் வந்த அமெரிக்க மருத்துவ நிறுவகத்தின் அறிக்கை, 2020க்குள் நர்ஸ்களில் 80 சதவீதம் பேர் பிஎஸ்என் பெற்றிருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. நியூயார்க் 2017இல் சட்டமே இயற்றியது: இனி உரிமம் பெறுகிறவர்கள் பத்தாண்டுக்குள் நர்சிங்கில் இளநிலைப் பட்டம் முடிக்கவேண்டும். முடித்துவிட்ட படிப்பு என்று மான்டாக் கருதியதை, முடிக்காமல் விட்ட படிப்பாகக் காலம் மாற்றிவிட்டது. ஏஏஎஸ் மான்டாக்கின் நோக்கத்தைச் சுமந்து நிற்கிறது. ஏஎஸ்என் பிற்கால நோக்கத்தை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிக்கொள்கிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் சரக்கு எவ்வளவு என்பதை எண்ணித்தான் பார்க்கவேண்டும்.

நியூயார்க்கை எடுத்துக்கொள்வோம், விதி அங்கே நெடுங்காலம் அளக்கத்தக்க வடிவில் இருந்தது. ஏஎஸ் பட்டத்தில் (ஏஎஸ்என் இந்த வகை) பாதியாவது கலை, அறிவியல் பொதுப்பாடங்களாக இருக்கவேண்டியிருந்தது. ஏஏஎஸ் பட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போதுமாயிருந்தது. 60 கிரெடிட் படிப்பு என்றால் முன்னதற்கு 30, பின்னதற்கு 20. வேறுபாடு 10 கிரெடிட், அதாவது மூன்று பாடங்களுக்குச் சற்று மேல். இப்போது நர்சிங் சேர்க்கைக்கும் படிப்புக்கும் வழக்கமாகக் கேட்கப்படும் பாடங்களைக் கூட்டிப் பாருங்கள். உடற்கூறும் உடலியங்கியலும் இரண்டு பருவம், ஆய்வகத்தோடு 8. நுண்ணுயிரியல் 4. ஆங்கிலக் கட்டுரை 3. பொது உளவியல் 3. வளர்ச்சி உளவியல் 3. ஆக 21. ஏஏஎஸ் கேட்கும் 20 இங்கேயே தாண்டிவிட்டது. கல்லூரி தன் பங்குக்குச் சமூகவியலும் இரண்டாம் ஆங்கிலத் தாளும் சேர்த்தால் 27. ஏஎஸ் பட்டத்துக்கு எஞ்சுவது ஒரு பாடம். புள்ளியியல் என்று வைத்துக்கொள்வோம்.

ஆக, பெயர்ப்பலகை சொல்லும் தூரம் ஒன்று, பாடத்திட்டம் காட்டும் தூரம் வேறு. ஒரு கல்லூரியின் ஏஏஎஸ்சும் பக்கத்துக் கல்லூரியின் ஏஎஸ்சும் ஒரே ஒரு பாடத்தில் பிரியலாம். ஆனால் அந்த இடைவெளி அற்பமானது என்று முடித்துவிடவும் கூடாது. நியூயார்க்கின் அதே விதிப்படி பிஎஸ் எனும் இளநிலைப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் பாதி, அதாவது 60, பொதுப்பாடமாக இருக்கவேண்டியிருந்தது. விதியின் கீழெல்லையில் நிற்கும் ஏஏஎஸ்காரருக்கு இன்னும் 40 பாக்கி, ஏஎஸ்காரருக்கு 30. பத்தாண்டுச் சட்டம் தலைக்கு மேல் இருக்கும்போது அந்தப் பத்து கிரெடிட்டை ஏஏஎஸ் குறைத்துவிடவில்லை, தள்ளி வைத்திருக்கிறது. தள்ளி வைத்ததை நான்காண்டுக் கல்லூரியின் கட்டணத்தில், பன்னிரண்டு மணிநேர இரவு ஷிஃப்ட்களுக்கு இடையில் எழுதித் தீர்க்கவேண்டும். இந்த ஒரு மாநிலத்தை மட்டும் வைத்து முடிவு சொல்வதானால், மற்றவை சமமாக இருக்குமிடத்தில் ஏஎஸ் மேலானது. காரணம் அந்த மூன்று பாடங்களின் விலை. பட்டத்தின் மதிப்பு அன்று.

ஏஏஎஸ்சின் பக்கத்து நியாயத்தையும் அதே கணக்கில் வைத்தே கேட்கவேண்டும். பொதுப்பாடம் கூடினால் மொத்த கிரெடிட் கூடும், அல்லது நர்சிங் பாடம் சுருங்கும். அடிப்படை நர்சிங், மருத்துவ அறுவை நர்சிங், மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் ஆகிய ஐந்தையும் கிளினிக்கல் நேரத்தோடு நான்கு பருவத்துக்குள் அடைப்பது ஏற்கெனவே நெருக்கடியான வேலை. ஒரு பருவத்தில் மூன்றாவது பாடமாகப் புள்ளியியலைத் திணிப்பதைவிட அந்த நேரத்தை நோயாளியின் படுக்கையருகில் செலவிடுவது நல்லது என்று வாதிடும் ஆசிரியர் தவறானவர் அல்லர். பிஎஸ்என்னில் இருந்து இங்கே இல்லாமல் போவது பொதுச் சுகாதாரம், ஆய்வுமுறை, தலைமைப் பயிற்சி ஆகியவைதான். ஏஎஸ் ஆனாலும் ஏஏஎஸ் ஆனாலும் இவை இல்லை. கூடுதல் ஆங்கிலத் தாள் ஒன்று இந்தக் குறையை நிரப்பிவிடாது.

நியூயார்க்கில் கண்ட முடிவோடு ஃபுளோரிடாவுக்குப் போனால் அது கையில் நிற்காது. அங்கே மேற்படிப்புக்கு மாறிச் செல்வதற்கான பட்டம் ஏஏ (அசோசியேட் ஆஃப் ஆர்ட்ஸ்). அதற்குப் பொதுக்கல்வி 36 கிரெடிட். ஏஎஸ் பட்டம் தொழில் பக்கம் சாய்ந்தது. அதற்கு விதி கேட்கும் பொதுக்கல்வி 15 கிரெடிட்தான். நியூயார்க்கின் ஏஏஎஸ் கேட்டதைவிடக் குறைவு! ஃபுளோரிடாவின் நர்சிங் ஏஎஸ் நடைமுறையில் இந்த அடித்தளத்துக்கு மேலேயே கட்டப்பட்டிருக்கிறது, அதன் மொத்தம் 72 கிரெடிட் என்பதெல்லாம் உண்மை. ஆனால் வழக்கிலுள்ள விடை எழுத்துகளை நம்பியல்லவா நிற்கிறது? அந்த எழுத்துகளுக்கு மாநிலம் தாண்டிய பொருள் கிடையாது. ஃபுளோரிடாவில் ஏஎஸ் முடித்தவர் பிஎஸ்என்னுக்குத் தடையின்றிப் போவது பட்டப்பெயரின் தயவால் அன்று. மாநிலம் முழுதும் பாட எண்கள் ஒன்றாக இருப்பதும், ஏஎஸ்சிலிருந்து இளநிலைக்கு மாறும் ஒப்பந்தத்தில் நர்சிங் சேர்ந்திருப்பதும், கம்யூனிட்டி கல்லூரிகளே இளநிலைப் பட்டம் தர அங்கே 2001 முதல் வழி இருப்பதும்தான் காரணங்கள்.

எதிர்த்திசைச் சான்று இன்னும் வலுவானது. வட கரோலினாவில் நர்சிங் படிப்பு ஏஏஎஸ். பழைய விடைப்படி அது முட்டுச்சந்து. ஆனால் 2015இல் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பும் கம்யூனிட்டி கல்லூரி அமைப்பும் ஒரே சீரான ஒப்பந்தம் செய்துகொண்டன. எந்தப் பொதுப்பாடங்களை எடுத்தால் ஆர்என்னிலிருந்து பிஎஸ்என்னுக்குத் தடையில்லை என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. ஆரெகான் இதற்கும் ஒரு படி மேலே போனது. அங்கே பல கம்யூனிட்டி கல்லூரிகளும் மாநில சுகாதார, அறிவியல் பல்கலைக்கழகமும் 2000களின் நடுவிலிருந்து ஒரே பாடத்திட்டத்தைப் பகிர்கின்றன. மாணவர் ஏஏஎஸ் முடித்து ஆர்என் ஆகலாம். அதே பாடத்திட்டத்தின் அடுத்த பகுதியைத் தொடர்ந்து பிஎஸ்என்னும் முடிக்கலாம். பாடத்திட்டத்தின் கட்டுக்கோப்பை அளவுகோலாக வைத்தால், நான் அறிந்த அமைப்புகளில் இதற்கே முதலிடம் தருவேன். மான்டாக் பிரித்ததை 1965ஆம் ஆண்டு அறிக்கை மேலும் பிரித்தது; இவர்கள் சண்டையிடாமல் இரண்டையும் தைத்துவிட்டார்கள். அதன் மீது ஒட்டியிருக்கும் எழுத்துகளோ, தாழ்ந்தவை என்று கருதப்படும் ஏஏஎஸ்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பிஎஸ்என் இவ்வளவு வலியுறுத்தப்படுவதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறதே, அப்படியானால் பிஎஸ்என்னுக்கு அருகில் இருக்கும் பட்டம்தானே மேல் என்று. லிண்டா எய்கனும் சகாக்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் எல்லோரும் கைகாட்டுவது. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகள், 2,32,342 அறுவைச் சிகிச்சை நோயாளிகள். பிஎஸ்என் நர்ஸ்களின் பங்கு 10 சதவீதப் புள்ளி கூடும்போது, சேர்ந்த 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருந்தது. அளவிலும் முறையிலும் வலுவான ஆய்வு. நர்ஸ் ஒருவர் கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கை, அனுபவம் முதலியவற்றைக் கணக்கில் கொண்டது. அதே சமயம் அது மருத்துவமனை அளவிலான தொடர்பைக் காட்டுவது. தனி நர்ஸ் ஒருவரின் திறனை அளந்ததாக அதை வாசிக்கக்கூடாது. நம் கேள்விக்கு முக்கியமானது வேறு: டிப்ளமோவும் இரண்டாண்டுப் பட்டமும் அதில் ஒரே கூடையில் விழுகின்றன. ஏஎஸ்சுக்கும் ஏஏஎஸ்சுக்கும் இடையே தீர்ப்புச் சொல்ல அதை அழைக்க முடியாது. பிஎஸ்என் முடிப்பதற்கு அது ஒரு காரணம். எந்த வழியாக முடிப்பது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.  

எழுத்துகள் அளவுகோல் இல்லையென்றால் வேறு எது? கல்லூரிகள் முதலில் நீட்டுவது என்சிலெக்ஸ் தேர்ச்சி விகிதத்தை. இது நேர்மையான எண். மாநில வாரியங்கள் வெளியிடுவதால் சரிபார்க்கலாம். முதல் முறை எழுதுவோரில் டெக்சாஸ் 80 சதவீதமும் கலிஃபோர்னியா 75 சதவீதமும் எதிர்பார்க்கின்றன. ஃபுளோரிடா தேசிய சராசரியிலிருந்து பத்துப் புள்ளிக்குள் இருக்கச் சொல்கிறது. ஆனால் இந்த எண்ணின் தொகுதியை மட்டும் பார்த்துப் பகுதியை மறப்பவர்கள் ஏமாறுவார்கள். நூறு பேர் சேர்ந்து, ஐம்பது பேர் மட்டும் படிப்பை முடித்து, நாற்பத்தெட்டு பேர் தேறினால் விகிதம் 96. அதே நூறில் எண்பது பேர் முடித்து எழுபது பேர் தேறினால் விகிதம் 87.5. முதல் கல்லூரி விளம்பரத்துக்கு ஏற்றது. இரண்டாவது நர்ஸ்களை உருவாக்குவது. கடைசிப் பருவத்தில் முன்கணிப்புத் தேர்வு ஒன்றை வைத்து, தேறமாட்டார் என்று தோன்றுகிறவரைப் பட்டத்துக்கு முன்பே நிறுத்தி வைக்கும் வழக்கம் இந்தத் துறையில் புதிதன்று. ஆகவே தேர்ச்சி விகிதத்தோடு, உரிய காலத்தில் படிப்பை முடித்தவர் விகிதத்தையும் சேர்த்துக் கேட்கவேண்டும். இரண்டாவதைச் சொல்லத் தயங்கும் கல்லூரியைச் சந்தேகிப்பது நியாயம்.

அடுத்தது அங்கீகாரம். மாநில வாரியத்தின் ஒப்புதல் உரிமத் தேர்வு எழுதப் போதும்; தேசிய அங்கீகாரம் வேறு. இரண்டாண்டுப் படிப்புகளுக்கு அதைத் தரும் முக்கிய அமைப்பு ஏசிஇஎன். தேசிய நர்சிங் லீகின் சிஎன்இஏவும் தருகிறது. சிசிஎன்இ இளநிலைக்கும் மேலுக்கும் மட்டும். அங்கீகாரம் இல்லாத ஏஎஸ் முடித்தவரைச் சில பிஎஸ்என் படிப்புகள் சேர்த்துக்கொள்வதில்லை, சில வேலைகளும் அவருக்கு மூடியிருக்கும். அங்கீகாரமுள்ள ஏஏஎஸ் முடித்தவருக்கு அந்தக் கதவுகள் பெரும்பாலும் திறந்தவை. இந்த ஒரு பொருத்தத்திலேயே வழக்கமான தரவரிசை கவிழ்கிறது.

தேர்வே இறுதி அளவுகோல் என்று வாதிடுவோர் 2023 ஜனவரியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஃபுளோரிடாவின் மூன்று தனியார் நர்சிங் பள்ளிகளின் பெயரில் 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டதாகக் கூட்டாட்சி அரசு வழக்குத் தொடுத்தது. 25 பேர் மீது குற்றச்சாட்டு. வாங்கியவர்களில் பெரும்பாலோர் தேர்வில் தேறவில்லை. ஆனால் சுமார் 2,400 பேர் தேறிவிட்டார்கள். என்சிலெக்ஸ் கணினிவழித் தகவமைப்புத் தேர்வு. 85இலிருந்து 150 கேள்விகள். 2023 ஏப்ரலிலிருந்து நோயாளிச் சூழலை முன்வைத்து முடிவெடுக்கும் திறனைச் சோதிக்கும் வடிவம் கூடியது. பாதுகாப்பாகத் தொழிலைத் தொடங்கத் தேவையான குறைந்தபட்ச அறிவை அது நன்றாகவே அளக்கிறது. கிளினிக்கல் நேரத்தில் யாராவது பக்கத்தில் நின்று பார்த்தார்களா என்பதை அளக்காது. தேர்வு ஒரு வடிகட்டி. படிப்புக்கு மாற்று ஆகாது. வடிகட்டிக்கு முன்னால் இருப்பது எது என்பதை வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. லாபநோக்குக் கல்லூரிகள் ஏஎஸ்என் என்ற எழுத்துகளை முன்னால் வைத்து, காத்திருப்புப் பட்டியல் இல்லை என்பதைச் சொல்லி விற்கின்றன. அவசரத்துக்கு விலை உண்டு என்பது நியாயம்தான். அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது என்பதை மேற்சொன்ன இரண்டு விகிதங்களும் அங்கீகாரமும் காட்டிவிடும். பக்கத்துக் கம்யூனிட்டி கல்லூரியின் ஏஏஎஸ்சோடு ஒப்பிட்டால் அந்தக் கல்லூரிகளில் பலவும் தோற்கும்.

தீர்ப்பு இது. ஒரே மாநிலத்தில், ஒத்த அங்கீகாரமும் ஒத்த முடிப்பு விகிதமும் உள்ள இரண்டு படிப்புகளில் ஏஎஸ்என் சற்று மேல். அந்தச் ‘சற்று’ எவ்வளவு என்பதைக் கையேட்டில் பொதுப்பாட கிரெடிட்டைக் கூட்டித் தெரிந்துகொள்ளவேண்டும். ஒரு பாடம் என்றால் பொருட்படுத்தவேண்டாம், நான்கு பாடம் என்றால் பொருட்படுத்தவேண்டும். எழுதிக் கையெழுத்தான மாறுதல் ஒப்பந்தமோ பகிர்ந்த பாடத்திட்டமோ உள்ள ஏஏஎஸ், அவை இல்லாத ஏஎஸ்என்னைவிட ஐயமின்றி மேல். ஏற்கெனவே எல்பிஎன் எனும் நடைமுறை நர்சாக வேலைசெய்துகொண்டு, குடும்பத்தைச் சுமந்து, ஆர்என் சம்பளத்துக்கு விரைவாகப் போகவேண்டிய நாற்பது வயதுக்காரருக்கு ஏஏஎஸ் இரண்டாந்தரத் தேர்வு அன்று. அவருக்காகவே வடிவமைத்த பட்டம் அது, வடிவமைப்பும் நன்று. மயக்க மருந்து நர்ஸ், நர்ஸ் பிராக்டிஷனர் என்று தொலைவில் கண் வைத்திருக்கும் இருபது வயதுக்காரர் இந்த இரண்டில் தேடுவதற்கு முன்னால், நேரடி பிஎஸ்என் கட்டுப்படியாகுமா என்று பார்த்துவிடவேண்டும்.

நடைமுறையில் அடிக்கடி வரும் இக்கட்டு ஒன்று மிச்சமிருக்கிறது. இந்த இலையுதிர் பருவத்தில் ஏஏஎஸ்சில் இடம் கிடைத்துவிட்டது. ஏஎஸ்என் கல்லூரியிலோ அடுத்த ஆண்டுக்கான பட்டியலில் பெயர் இருக்கிறது. காத்திருக்கலாமா? கூடாது. உடற்கூறு, நுண்ணுயிரியல் மதிப்பெண்களுக்கு ஐந்தாண்டு, ஏழாண்டு என்று காலவரை வைத்திருக்கும் கல்லூரிகள் பல. காத்திருக்கும்போது அவை காலாவதியாகலாம். ஓராண்டு ஆர்என் சம்பளமும் போகும். கிடைத்த இடத்தில் சேர்ந்துவிட்டு, போக நினைக்கும் பிஎஸ்என் படிப்பு கேட்கும் பொதுப்பாடப் பட்டியலை முதல் பருவத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம். புள்ளியியலையும் இரண்டாம் ஆங்கிலத் தாளையும் அதே கம்யூனிட்டி கல்லூரிக் கட்டணத்தில் கோடைப் பருவங்களில் எழுதி முடித்தால், சான்றிதழில் ஏஏஎஸ் என்று இருக்கும். டிரான்ஸ்கிரிப்டில் ஏஎஸ்என்காரருக்கு உள்ள கிரெடிட் ஏறத்தாழ அத்தனையும் இருக்கும்.